மெஹரின் கணினியும் ஐந்தரை மணி நேரமும்

மெஹரின் கணவர் சலீம் பாய் கூப்பிட்டபோது நான் அடையாறில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். கீழ்த்தாடை முழுவதும் மரத்துப்போயிருந்தது. "கோமதிம்மா, மெஹர் போயிட்டாம்மா. காலைல எட்டரைக்கு" என்றார். நான் ஏதோ சொன்னேன். அது வார்த்தையாக வரவில்லை. "யாரு பேசறது? கோமதிம்மாதானே? ராங் நம்பரா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வரவேற்பறையில் நின்றபடி அவருக்கு 'வருகிறேன்' என்று செய்தி தட்டினேன். பதினெட்டு வருடப் பழக்கத்தில் மெஹருன்னிசா என்னை எதையும் சுலபமாகச் செய்யவிட்டதில்லை. அவள் இறந்த செய்தியைக்கூட என்னால் ஒழுங்காக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நம் மொழிபெயர்ப்பாளர் வட்டத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அவளிடம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் இந்தக் குறிப்பில் அவளைப் பூப்போட்டு வைக்கப்போவதில்லை. வைத்தாலும் அவள் சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

நாங்கள் சந்தித்தது தேனாம்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைத் தமிழாக்கும் வேலை. நான் மூன்று பக்கம் அழகாக எழுதி முடித்திருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தவள், "இத படிச்சிட்டு எவளாவது மிஷின்ல துணி போடுவாளா? உனக்கே புரியலன்னா புரியலன்னு எழுது. அழகா எழுதாத" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பேச்சில் இன்னா, கீது எல்லாம் தாராளமாக வரும். எழுத்தில் ஒரு ஒற்றெழுத்து விடமாட்டாள். அந்த அலுவலகம் மூடியபோது, இரண்டு பேரும் சேர்ந்தே வேலை எடுப்பது என்று முடிவானது. அவள் முதலில் மொழிபெயர்ப்பாள், நான் திருத்துவேன். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் இருந்த அவள் வீட்டுக் கூடம்தான் அலுவலகம். கோபாலபுரத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் நான் போவேன்.

பழைய கணினி படுத்துவிட்டது என்று அவள் ஒரு புதுக் கணினி வாங்கி வந்த நாளிலிருந்துதான் என் ரத்த அழுத்தம் ஆரம்பம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மானிட்டரின் முதுகில் அதைத் திருகி மாட்டிவிட்டால் இருக்கும் இடம் தெரியாது. அதோடு விட்டிருக்கலாம். அந்த டிபன் பாக்ஸுக்குள் விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று என்று இரண்டு இயங்குதளங்களைக் குடிவைத்தாள். வாடிக்கையாளர்கள் தரும் மொழிபெயர்ப்பு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். தட்டச்சு, மின்னஞ்சல், எங்கள் சொற்பட்டியல் எல்லாம் லினக்ஸில். எங்கோ படித்து, பதினான்கு பக்கம் அச்செடுத்து, பேனாவால் டிக் அடித்துக்கொண்டே நான்கு நாளில் தானே செய்து முடித்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொந்தரவு பண்ணாம கீதுங்க, வந்து பாரு" என்றாள், ஏதோ பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

அந்தக் கணினியை ஓட்டுவது எப்படி என்று கேளுங்கள். பொத்தானை அழுத்தினால் கருந்திரையில் இரண்டு வரி வரும், மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து வினாடிக்குள் கீழ் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே லினக்ஸுக்குள் போய்விடும். நான் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பையை வைக்கத் திரும்புவேன், அதற்குள் போய்விட்டிருக்கும். மறுபடி அணைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு முறை இப்படி நடந்தபோது கேட்டேன்.

"விண்டோஸை மேல வெச்சா என்ன?"

"உனக்கு பத்து செகண்ட் ஒக்கார முடியாதா?"

"எனக்கு வேலைக்கு விண்டோஸ்தானே வேணும்."

"மிஷின் யாருது?"

அத்துடன் பேச்சு முடிந்தது. சலீம் பாய்க்கு அதே தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருபவர் மின்கட்டண ரசீதைப் பார்க்க உட்கார்ந்து, தவறான இடத்தில் நுழைந்து, "என் வூட்லயே எனக்கு வழி தெரியல" என்று எழுந்து போவார். அவளுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வராது.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. விண்டோஸுக்குள் போனால் மூலையில் இருக்கும் கடிகாரம் தப்பாகக் காட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் காலை எட்டரை என்று இருக்கும். ஒரு முறை சொன்னேன். "அது அப்படித்தான். கண்டுக்காத. கைல வாட்ச் கட்டிகினுதானே கீற?" என்றாள். நானும் விட்டுவிட்டேன். சொல்லப்போனால், மணி தப்பாக இருந்ததில் எனக்கு ஓர் அற்ப திருப்தி. அவள் நான்கு நாள் உழைத்துச் செய்ததில் ஒரு ஓட்டை.

இனி அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு நாங்கள் பேசாமல் இருந்தது தெரியும். ஏன் என்று தெரியாது. நானும் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைகளுக்கான ஒரு மருந்தின் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள். அவள் காலையில் மொழிபெயர்த்து முடித்துப் பன்னிரண்டு மணிக்குச் சேமித்துவிட்டு எழுந்தாள். நான் ஒரு மணிக்கு வந்து, அதே கணினியில் விண்டோஸுக்குள் போய், ஐந்து மணிவரை திருத்தினேன். எங்களுக்குள் ஒரு சொல் தகராறு. 'பக்க விளைவுகள்' என்று போடவேண்டும் என்பது என் கட்சி. 'வேண்டாத விளைவுகள்' என்பது அவளுடையது. "பக்கம்னா இன்னான்னு கேப்பாங்க. வேண்டாததுன்னா எல்லாருக்கும் புரியும்" என்றாள். "எல்லாருக்கும் பழகின சொல்லு இது. நான் மாத்தத்தான் போறேன்" என்றேன். பதினோரு இடத்தில் மாற்றினேன். அந்த வேலையில் ஒரு பெரிய பிழையும் கண்ணில் பட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க வேண்டிய மருந்துக்கு, 'தினமும் ஒரு முறை' என்று எழுதியிருந்தாள். அதைத் திருத்திவிட்டு, கிளம்பும்போது சொன்னேன். அவள் முகம் சட்டென்று வெளுத்தது. "நல்ல வேள" என்றாள்.

மறுநாள் காலை அவள் கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பினாள். போனது என் திருத்தங்கள் ஒன்றுமில்லாத பிரதி. பதினோரு இடத்திலும் வேண்டாத விளைவுகள். மருந்து தினமும் ஒரு முறை. அச்சுக்குப் போகுமுன் அவர்கள் அலுவலகத்தில் இருந்த மருத்துவர் பார்த்துப் பிடித்துவிட்டார். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்துகொண்டிருந்த வேலைதான் அன்றோடு நின்றது.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் திருத்தத்தை எல்லாம் எடுத்துட்டே."

"நான் கை வெக்கல."

"அப்போ அது எங்கே போச்சு? பறந்து போச்சா?"

"தெரியல. நான் ஃபைலத் தொறக்கவே இல்ல. நீ பாத்துட்டன்னா நான் திரும்பப் பாக்க மாட்டேன், உனக்குத் தெரியும்."

"உன் சொல்லை மாத்தினது உனக்குப் பொறுக்கலை. பழைய பிரதியைத் தூக்கி அனுப்பிட்டே. அதுல டோஸ் தப்பு இருந்தது ஞாபகத்துல இல்லை."

சலீம் பாய் சாப்பிட்ட கையோடு உள்ளறை வாசலில் நின்றார். மெஹர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ இத நெசமாவே நம்பறியா?" என்றாள். நம்புகிறேன் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரு நாள் லஸ் முனையில் சாலைக்கு எதிர்ப்பக்கம் குடையோடு நின்றிருந்தாள். இருவரும் பார்த்துவிட்டோம். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன். ஒரு பேருந்து குறுக்கே வந்து போவதற்குள் அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த ஏழு மாதத்தில் என் மடிக்கணினி உயிரை விட்டது. வீட்டில் இடம் குறைவு. வேறு வழியில்லாமல் நானும் அதே போன்ற ஒரு டிபன் பாக்ஸ் கணினியை வாங்கினேன். விண்டோஸ் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். சிக்கல் சொற்பட்டியலில் வந்தது. பதினைந்து வருடமாக இருவரும் சேர்த்த சொற்கள் அதில் இருந்தன. அதன் நகலை ஒரு வன்தட்டில் போட்டு முன்பே எனக்குத் தந்திருந்தாள். சொருகினால், இந்தத் தட்டைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. மூன்று முறை சொருகினேன். மூன்று முறையும் அதே கேள்வி. லினக்ஸில் மட்டும் திறக்கும் விதத்தில் அதை அமைத்திருக்கிறாள், மகராசி. அன்று அவளை நான் திட்டிய திட்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

தி.நகரில் கணினி பழுதுபார்க்கும் பாலுவிடம் தூக்கிக்கொண்டு போனேன். "ரெண்டு சிஸ்டம் இன்னாத்துக்கு மேடம்? ஒண்ண வெச்சிக்கினு நிம்மதியா இருங்களேன்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான் என்றேன். ஒரு மணி நேரத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். சொற்பட்டியல் திறந்தது. இரண்டு வாரம் ஒரு குறையும் என் கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் விண்டோஸில் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு. கணினியின் மூலையில் காலை எட்டரை. பாலுவைக் கூப்பிட்டேன்.

"அது சகஜம் மேடம். மிஷின் உள்ள ஒரு கடிகாரம் கீதுல்ல, லினக்ஸ் அத லண்டன் டைம்ல வெச்சிடும். விண்டோஸ் அதே மணிய நம்மூரு டைம்னு நெனச்சிக்கும். அதான் அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டுது. ரெண்டும் போட்டா நெறய பேருக்கு வர்றதுதான். ஒரே ஒரு வரி அடிச்சா செரியாயிடும், சொல்லட்டா?"

"இருங்க. இப்போ நான் இதுல ஒரு கோப்பைச் சேமிச்சா, அதுல எந்த மணி பதியும்?"

"இன்னா காட்டுதோ அதான் மேடம் பதியும்."

தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு தாள் எடுத்துக்கொண்டேன். மெஹர் லினக்ஸில் சேமித்தது பன்னிரண்டு மணி. நான் விண்டோஸில் சேமித்தது மாலை ஐந்து. ஐந்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் காலை பதினொன்றரை. கணினியின் கணக்கில் நான் அவளுக்கு அரை மணி நேரம் முன்பாகவே திருத்தி முடித்துவிட்டேன். லினக்ஸில் ஒன்றும் விண்டோஸில் ஒன்றுமாக இரண்டு கோப்புறைகளை வைத்து, இரண்டையும் ஒன்றாக்க அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் புதியது பழையதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அவளுடையதைப் புதியது என்று நினைத்து, என்னுடையதை அழித்திருக்கிறது. மறுநாள் காலை, நான் பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கையில், திறக்காமல் அனுப்பியிருக்கிறாள். கை வைக்கவில்லை என்று அவள் சொன்னது அப்படியே உண்மை.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ராயப்பேட்டையில் நெரிசல். எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. லண்டன் மணிமேல், கண்டுக்காத என்று சொன்ன அவள்மேல், கண்டுகொள்ளாமல் விட்ட என்மேல்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "வா. மழ வர்ற மாரி கீது, உள்ள வா."

"அஞ்சரை மணி நேரம்" என்றேன்.

"ஆமா."

"ஆமான்னா?"

"எனக்குத் தெரியும். அஞ்சு மாசமா தெரியும். கடிகாரத்தக் கூட சரி பண்ணிட்டேன்."

கைப்பையிலிருந்து எடுத்த தாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சு மாதம்! தெரிந்துகொண்டு அஞ்சு மாதம் சும்மா இருந்திருக்கிறாள்.

"ஏண்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? தன் தப்ப மறைக்க மிஷின் மேல பழி போடறான்னு சொல்லியிருப்ப. நல்லா யோசிச்சுச் சொல்லு, சொல்லியிருக்க மாட்ட?"

சொல்லியிருப்பேன். அந்த வார்த்தைகளையே சொல்லியிருப்பேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "அதுவுமில்லாம, மொதல்ல தப்பா எழுதினது நான்தானே. கொழந்தைங்க மருந்து. அந்த டாக்டரு பாக்காம விட்டிருந்தா? உன் திருத்தம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சப்புறமும், அந்தத் தப்பு என்னுதுதான. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்து சொல்றது?" என்றாள். அவள் குரல் தழுதழுத்து நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

"தப்பாயிடுச்சு மெஹர்" என்றேன்.

அவ்வளவுதான், பழைய மெஹர் திரும்பி வந்துவிட்டாள். "தப்பாயிடுச்சுன்னா இன்னா? தானா ஆச்சா? எழுவாய் எங்க?"

"விளையாடாதே."

"வெளயாடல. எழுவாய் இல்லாத வாக்கியத்த நான் வாங்கிக்க மாட்டேன்."

"நான் தப்பு பண்ணேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்காமலே."

"இது வாக்கியம்" என்றாள். எழுந்துபோய்த் தேநீர் வைத்தாள். சலீம் பாய் கடையிலிருந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "ஏழு மாசம் மூஞ்சியத் தூக்கிக்கினு இருந்தீங்களே, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தன் பைத்தியமாயிட்டேன்" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன்.

அந்த வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதி இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. வேறு வேலைகள் வந்தன. கோப்பை அனுப்பும் முன் அவள் திறந்து பார்க்கவேண்டும் என்று நான் கெஞ்சினேன். "நீ பாத்தாச்சு, நான் எதுக்கு?" என்று அதிலும் பிடிவாதம் பிடித்தாள். அதற்கப்புறம் நானே இரண்டு முறை திறந்து பார்த்தேன். 'பக்க விளைவுகள்' தகராறு மட்டும் கடைசிவரை தீரவில்லை.

நுரையீரல் கோளாறை ஒரு வருடம் என்னிடம் மறைத்தாள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால், வெயில் என்பாள். மருத்துவமனையில் படுத்த பிறகுதான் சொன்னாள், அதையும் வேலை ஒப்படைக்கிற மாதிரி. கடைசியாக நான் பார்த்தபோது முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. அதை விலக்கிவிட்டு, "அந்த காப்பீட்டுப் பத்திரம் பதினேழாம் பக்கத்துல நிக்குது. வியாழக்கெழம குடுக்கணும். அவசரம்னு போன் பண்ணுவான். அவன் அவசரத்த நீ வாங்கிக்காத" என்றாள். நர்ஸ் வந்து முகமூடியை மாட்டிவிட்டுப் போனாள். மெஹர் மறுபடி விலக்கினாள். "போ, வீட்டுக்குப் போய் வேலையப் பாரு." இதுதான் பதினெட்டு வருடத்துக்கு எனக்குக் கிடைத்த விடைபெறுதல். கோபித்துக்கொண்டு படியிறங்கினேன். இப்போதும் அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை.

அவளை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. போன வாரம், என்னோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த திருத்தங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. காது சூடானது. தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்து, "என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், பழைய கோப்பை மாற்றி இணைத்துவிட்டதாகச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் சரியானது வந்துவிட்டது.

மெஹரின் புத்தகங்களை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். கணினி சலீம் பாயிடம் இருக்கிறது. எனக்கென்று இருப்பது 'என்ன ஆச்சு?' என்ற இந்த ஒரு கேள்விதான். அதை நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டியது, செருப்போடு அவள் கூடத்தில் நின்ற அந்தத் திங்கட்கிழமை.